பழைய வீட்டுச் சோலாரைப் பெரிதாக்க: ஒப்பந்தத்தில் தொடங்கி, கூரையில் முடியும் வேலை

பத்துப் பதினைந்து வருஷம் முன்பு கூரையில் ஏறிய சோலார் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். ஆனால் வீடு அன்றைய வீடாக இருக்காது. குளிர்சாதனம் கூடியிருக்கும், சமையல் மின்சாரத்துக்கு மாறியிருக்கும், வாசலில் மின்சார வண்டி நிற்கும். அன்று ஒரு பேனல் 230 வாட் தந்தது. அதைவிடக் கொஞ்சமே பெரிதான பேனல் இன்று 430 வாட் தருகிறது. பழையதைக் கழற்றிவிட்டுப் புதிதாகப் போட்டுவிடலாமே என்று தோன்றுவது இயல்புதான்.

அங்கேதான் மின் நிறுவனத்தின் விதி குறுக்கே வரும். எத்தனை கிலோவாட் வைக்கலாம், எவ்வளவு வெளியே அனுப்பலாம், ஒரு பேனல் கூட்டினாலும் பழைய நெட் மீட்டர் ஒப்பந்தம் (வெளியே அனுப்பிய மின்சாரத்தைப் பில்லில் கழித்துத் தரும் ஒப்பந்தம்) நீடிக்குமா போகுமா என்று ஊருக்கு ஊர் ஒரு சட்டம். பழைய சோலாரோடு ஒரு வீட்டை வாங்கியவர்களுக்கு இது இன்னும் குழப்பம். கூரையில் என்ன இருக்கிறது என்றே தெரியாமல்தான் அவர்கள் தொடங்க வேண்டியிருக்கும்.

இந்தக் கட்டுரை முழுக்க ஒரு கருத்தைப் பிடித்துக்கொண்டுதான் எழுதுகிறேன். விதிகள் பெரும்பாலும் கட்டிப்போடுவது உங்கள் மீட்டரைத் தாண்டி வெளியே போகும் மின்சாரத்தை. வீட்டுக்குள்ளேயே செலவாகும் மின்சாரத்தில் அவற்றின் பிடி மிகத் தளர்வு. இதை மனதில் வைத்துத் திட்டம் போட்டால், கெடுபிடியான விதிக்குள்ளேயே நிறையச் செய்யலாம்.

1. முதலில் கோப்பைத் தேடுங்கள்

கூரையில் ஏறுவதற்கு முன் அலமாரியைத் திறங்கள். மின் நிறுவனத்துடன் போட்ட இணைப்பு ஒப்பந்தம், நெட் மீட்டர் அனுமதிக் கடிதம், ஒற்றைக்கோட்டு வரைபடம் (எது எதோடு இணைந்திருக்கிறது என்று காட்டும் படம்), பேனல், இன்வெர்ட்டரின் மாடல் மற்றும் சீரியல் எண்கள், ஆய்வுச் சான்று, இவ்வளவும் வேண்டும். கிடைக்கவில்லை என்றால் மின் நிறுவனத்திடம் நகல் கேட்கலாம். வீட்டை வாங்கியவர்கள் ஒப்பந்தம் தங்கள் பெயருக்கு மாறியிருக்கிறதா என்பதையும் இப்போதே பார்த்துவிட வேண்டும். பெயர் மாறாமல் மற்ற எதையும் கேட்கப் போனால் விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும்.

ஒப்பந்தத்தில் கவனமாகப் படிக்க வேண்டியது மூன்று இடங்கள். முதலாவது, நீங்கள் எந்தத் திட்டத்தின்கீழ் இருக்கிறீர்கள், அது எந்தத் தேதிவரை செல்லும். பல இடங்களில் பழைய திட்டங்கள் புதியவர்களுக்கு மூடப்பட்டுவிட்டன. ஹவாயில் பழைய நெட் மீட்டர் முறை 2015 அக்டோபரில் புதியவர்களுக்கு நின்றது. கலிபோர்னியாவில் 2023 ஏப்ரல் பாதியில் பழைய முறைக்கு விண்ணப்பம் வாங்குவதை நிறுத்தினார்கள். ஏற்கெனவே உள்ளே இருந்தவர்களுக்கு மட்டும் இணைத்த நாளிலிருந்து 20 வருஷம் அது தொடரும். அப்படி ஒரு பழைய திட்டத்தில் நீங்கள் இருந்தால், கூரையில் இருக்கும் பேனலைவிட உங்கள் கையில் இருக்கும் காகிதத்துக்கு மதிப்பு அதிகம். வெளியே அனுப்பும் ஒரு யூனிட்டுக்கு ஒரு யூனிட் கழித்துத் தரும் ஒப்பந்தம் ஒருமுறை போனால் திரும்பி வராது.

இரண்டாவது, பதிவான அளவு. எத்தனை கிலோவாட் என்பதோடு, அது பேனல்களின் கூட்டுத்தொகையா, அதாவது டிசி அளவா, அல்லது இன்வெர்ட்டர் வெளியே தரும் ஏசி அளவா என்று பாருங்கள். பேனல் தருவது ஒரே திசையில் ஓடும் டிசி மின்சாரம்; அதை வீட்டில் பயன்படும் ஏசி மின்சாரமாக மாற்றுவதுதான் இன்வெர்ட்டர். திட்டமே இந்த ஒரு விஷயத்தில் தலைகீழாகும். ஏசி அளவை மட்டும் எண்ணும் இடத்தில் அதே இன்வெர்ட்டரை வைத்துக்கொண்டு பேனலைக் கூட்ட இடம் இருக்கும். டிசி அளவை எண்ணும் இடத்தில் ஒரே ஒரு பேனல் பெரிதானாலும் அது மாற்றம்தான்.

மூன்றாவது, மாற்றம் பற்றிய பிரிவு. பழுதானதை மாற்றுவதும் அளவைக் கூட்டுவதும் வேறு வேறு என்று பெரும்பாலான ஒப்பந்தங்கள் பிரித்துவைத்திருக்கும். எவ்வளவு கூட்டினால் பழைய திட்டம் நிலைக்கும் என்பதற்கு ஓர் எல்லையும் இருக்கலாம். கலிபோர்னியாவின் பழைய திட்டத்தில் அந்த எல்லை 10 சதவீதம் அல்லது 1 கிலோவாட், இரண்டில் எது பெரிதோ அது. 3 கிலோவாட் வைத்திருப்பவர் அங்கே 4 வரை போகலாம், அதைத் தாண்டினால் புதிய திட்டத்துக்குத் தள்ளப்படுவார். உங்கள் இடத்து எண் வேறாக இருக்கும். அதைக் கண்டுபிடிக்காமல் விலைப்பட்டியல் கேட்கக்கூடப் போகாதீர்கள்.

2. எழுத்தில் கேளுங்கள், எழுத்தில் வாங்குங்கள்

தொலைபேசியில் ஒருவர் "தாராளமாகப் போடுங்கள் சார்" என்பார், ஆறு மாதம் கழித்து அதே அலுவலகத்தில் இன்னொருவர் "யாரைக் கேட்டுப் போட்டீர்கள்?" என்பார். அதனால் மின்னஞ்சலோ கடிதமோதான் வேண்டும். இப்படிச் சுருக்கமாகக் கேட்டாலே போதும்:

"எங்கள் இணைப்பு எண் இது. பதிவான அளவு இவ்வளவு. பழுதான இன்வெர்ட்டரை அதே ஏசி அளவுள்ள புதியதாக மாற்றினால் அது பழுதுபார்ப்பாக எடுத்துக்கொள்ளப்படுமா, மாற்றமாகவா? ஏசி அளவைக் கூட்டாமல் பேனல்களின் அளவை மட்டும் கூட்டினால் தற்போதைய திட்டம் தொடருமா? வெளியே அனுப்பும் அளவைப் பழைய எல்லைக்குள்ளேயே இன்வெர்ட்டர் வழியாகக் கட்டுப்படுத்தினால் கூடுதல் பேனல்களுக்கு அனுமதி உண்டா? பேட்டரியின் இன்வெர்ட்டர் அளவு மொத்த அளவோடு சேர்த்து எண்ணப்படுமா?"

நான்கு கேள்விகள்தான். நான்காவதை நிறையப் பேர் கேட்காமல் விட்டுவிட்டுப் பிறகு திண்டாடுகிறார்கள். 3 கிலோவாட் சோலார் இன்வெர்ட்டர் பக்கத்தில் 5 கிலோவாட் பேட்டரி இன்வெர்ட்டர் வைத்தால், இரண்டையும் கூட்டி 8 என்று எண்ணும் விதிகளும் உண்டு. பேட்டரி ஒரு வாட்கூட வெளியே அனுப்பாது என்று நீங்கள் சொன்னாலும், அதை எப்படி உறுதி செய்வீர்கள் என்றுதான் அவர்கள் கேட்பார்கள்.

3. இந்த விதிகள் ஏன் இருக்கின்றன

காரணம் தெரிந்தால் எங்கே வளைவார்கள், எங்கே வளைய மாட்டார்கள் என்பது புரியும்.

முதல் காரணம் வோல்டேஜ். மின்சாரம் உங்கள் வீட்டிலிருந்து தெருவுக்குப் போக வேண்டுமானால், உங்கள் பக்கத்து வோல்டேஜ் தெருவைவிடக் கொஞ்சம் உயர வேண்டும். 230 வோல்ட் இணைப்பில் 5 கிலோவாட் இன்வெர்ட்டர் முழு வேகத்தில் ஏறக்குறைய 22 ஆம்ப் தள்ளும். இன்வெர்ட்டரிலிருந்து மெயின் போர்டுக்கு 30 மீட்டர் தூரம், 4 சதுர மி.மீ. செம்புக் கேபிள் என்றால், போகவர 60 மீட்டருக்கு அந்தக் கேபிளிலேயே 6 வோல்ட் உயரும். அதே தூரத்துக்கு 10 சதுர மி.மீ. கேபிள் போட்டால் இரண்டரை வோல்ட்டுக்குள் அடங்கிவிடும். தெருவில் பத்து வீட்டிலும் சோலார் இருந்தால் நண்பகலில் தெருவின் வோல்டேஜே உயர்ந்துதான் இருக்கும். அதன்மேல் இந்த 6 வோல்ட்டும் சேர்ந்தால் இன்வெர்ட்டர் "வோல்டேஜ் அதிகம்" என்று நின்றுவிடும். நல்ல வெயிலில் சோலார் அடிக்கடி நின்று நின்று வருகிறது என்று புலம்பும் வீடுகளில் பாதிக்கு மேல் இதுதான் காரணம் என்று நான் நினைக்கிறேன். பேனல் கூட்டுவதற்கு முன் கேபிளை மாற்றுவது அங்கே பெரிய பலன் தரும், அதற்கு யாருடைய ஒப்பந்தமும் குறுக்கே வராது.

இரண்டாவது காரணம், பழைய இன்வெர்ட்டர்களின் நடத்தை. கிரிட்டில், அதாவது எல்லா வீடுகளையும் இணைக்கும் மின்வலையில், மின்சாரம் மிகுந்தால் அலைவெண் (ஏசி மின்சாரம் நொடிக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்ற கணக்கு) 50 ஹெர்ட்ஸுக்கு மேலே ஏறும். ஜெர்மனியில் ஆரம்ப காலத்து இன்வெர்ட்டர்கள் 50.2 ஹெர்ட்ஸைத் தொட்டதும் எல்லாம் ஒரே நேரத்தில் அணைந்துவிடும்படி வைக்கப்பட்டிருந்தன. லட்சக்கணக்கான கூரைகள் ஒரே நொடியில் அணைந்தால் கிரிட் தாங்காது. அதனால் 2012-ல் சட்டம் போட்டு, பழைய இன்வெர்ட்டர்களின் அமைப்பை ஒவ்வொன்றாக மாற்ற வேண்டியதாயிற்று. இன்றைய இன்வெர்ட்டர்கள் படிப்படியாகக் குறைந்து, வோல்டேஜுக்கும் தக்கபடி தங்களைச் சரிசெய்துகொள்ளும். உங்கள் பழைய இன்வெர்ட்டரைப் புதியதாக மாற்ற மின் நிறுவனம் பெரும்பாலும் மறுப்பதில்லை என்றால் அதற்கு இதுதான் காரணம், அவர்களுக்கும் அது நல்லது.

4. இருப்பது எந்த நிலையில் இருக்கிறது

பேனல் வருஷத்துக்கு அரை சதவீதத்திலிருந்து ஒரு சதவீதம்வரை திறன் இழக்கும். 15 வருஷத்தில் பத்து சதவீதம் குறைந்திருந்தால் கவலைப்பட ஒன்றுமில்லை. முப்பது குறைந்திருந்தால் வேறு கோளாறு இருக்கிறது. அது நிழலாக இருக்கலாம். அன்று கன்றாக இருந்த மரம் இன்று கூரைக்கு மேலே நிற்கும். ஏதாவது ஒரு பேனலின் பைபாஸ் டயோடு (வேலை செய்யாத பகுதியைச் சுற்றி மின்சாரத்தை விடும் சிறு பாகம்) போயிருக்கலாம். பின்பக்கத் தாள் வெடித்து ஈரம் உள்ளே போயிருக்கலாம். கிழக்கே ஒரு வரிசை, மேற்கே ஒரு வரிசை என்று இருந்தால் ஒரே நேரத்தில் இரண்டையும் ஒப்பிட்டுக் குழம்ப வேண்டாம், அவை சமமாக இருக்கவே இருக்காது.

தரையில் நின்றே நீங்கள் பார்க்கக்கூடியவை உண்டு. இன்வெர்ட்டரின் திரையில் ஒவ்வொரு ஸ்ட்ரிங்கின், அதாவது தொடராக இணைத்த ஒவ்வொரு பேனல் வரிசையின், வோல்டேஜையும் ஆம்ப்பையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே திசையில், ஒரே எண்ணிக்கையில் இருக்கும் இரண்டு ஸ்ட்ரிங்கில் ஒன்றின் வோல்டேஜ் மட்டும் 10, 12 வோல்ட் குறைந்தால், ஒரு பேனலின் மூன்றில் ஒரு பகுதி வேலை செய்யவில்லை என்று பொருள். 60 செல் பேனலில் மூன்று டயோடுகள், ஒவ்வொன்றும் 20 செல்லைக் காக்கும். அந்தக் கணக்குதான் இது.

மற்றதை எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள். வெயில் இருக்கும்வரை டிசி கம்பியில் மின்சாரம் இருக்கும், எந்தச் சுவிட்சும் பேனலை அணைக்காது. ஓடிக்கொண்டிருக்கும்போது கனெக்டரைப் பிரித்தால் தீப்பொறி நீளமாக இழுத்துக்கொண்டு எரியும். ஏசியைப்போல் தானாக அணையாது. அவர் செய்ய வேண்டிய முக்கியமான சோதனை இன்சுலேஷன் சோதனை. ஐஇசி 62446-1 என்ற சர்வதேசத் தரப்படி, 120 முதல் 500 வோல்ட்வரை உள்ள அமைப்பை 500 வோல்ட் கொடுத்துப் பார்க்கும்போது குறைந்தது 1 மெகா ஓம் காட்ட வேண்டும். அதற்குக் கீழே என்றால் கேபிளோ பேனலோ எங்கோ கசிகிறது. அதைச் சரிசெய்யாமல் புதிய இன்வெர்ட்டர் மாட்டினால், மழை பெய்த காலையில் அது தொடங்கவே மறுக்கும்.

பழைய இன்வெர்ட்டர் டிரான்ஸ்ஃபார்மர் உள்ள வகையா என்றும் கேளுங்கள். அந்தக் காலத்தில் டிசியின் ஒரு முனையை எர்த் செய்து வைப்பது வழக்கம். சில வகைப் பேனல்களுக்கு அது கட்டாயமாகவும் இருந்தது. இன்று கிடைப்பவை பெரும்பாலும் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாதவை. அவற்றோடு எர்த் செய்த டிசியை இணைக்கக் கூடாது. இன்வெர்ட்டர் மாற்றும் நாளில் இந்த ஒரு கம்பியை மறந்து தவித்தவர்கள் உண்டு.

5. வீடு எப்போது மின்சாரம் கேட்கிறது

மாத பில்லில் மொத்த யூனிட் மட்டும்தான் இருக்கும். அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. ஸ்மார்ட் மீட்டர் இருந்தால் 15 நிமிடம் அல்லது அரை மணிக்கு ஒருமுறை எடுத்த கணக்கு மின் நிறுவனத்தின் இணையதளத்தில் கிடைக்கும். இல்லையென்றால் ஒரு வாரம் காலை, நண்பகல், மாலை, இரவு என்று மீட்டரின் இறக்குமதி, ஏற்றுமதி எண்களை எழுதி வைத்தாலே படம் தெளிவாகும்.

பகலில் நிறைய வெளியே போய், மாலை ஆறிலிருந்து பத்துவரை நிறைய உள்ளே வருகிறதா? அப்படியென்றால் கூடுதல் பேனல் போட்டாலும் அதில் பெரும்பகுதி வெளியேதான் போகும், அதற்கு நல்ல விலை கிடைக்காத இடத்தில் அது வீண். அங்கே முதல் வேலை, பகலுக்கு நகர்த்தக்கூடியதை நகர்த்துவது. தண்ணீர் மோட்டார், வாட்டர் ஹீட்டர், துணி துவைக்கும் இயந்திரம், வண்டி சார்ஜ். 2 கிலோவாட் ஹீட்டர் இரவில் ஓடுவதற்குப் பதிலாக நண்பகல் ஒன்றரை மணி நேரம் ஓடினால் 3 யூனிட் வீட்டுக்குள்ளேயே நின்றுவிடும். ஒரு டைமர் போதும். எந்த அனுமதியும் வேண்டாம். பழைய சோலாரைப் புதுப்பிப்பதில் இதைவிட மலிவான படி கிடையாது, ஆனால் விற்பவர்கள் யாரும் இதைச் சொல்ல மாட்டார்கள்.

6. எந்த வழி உங்களுக்கு

இதுவரை சேர்த்ததை வைத்து இப்போது முடிவெடுக்கலாம்.

பழைய ஒப்பந்தம் நல்ல ஒப்பந்தம், இன்னும் பல வருஷம் பாக்கி இருக்கிறது, மாற்றத்தில் கையே வைக்க விடமாட்டார்கள் என்றால், பழுதானதை மட்டும் மாற்றுங்கள். இன்வெர்ட்டரின் ஆயுள் பொதுவாக 10 முதல் 15 வருஷம். உள்ளே இருக்கும் கபாசிட்டர்கள் சூட்டில் காய்ந்துபோகும். அதே ஏசி அளவில் புதியது போட்டாலே திறன் கொஞ்சம் கூடும், கண்காணிப்பு வசதியும் வரும். இன்வெர்ட்டரை மாற்றும்போது பின்னாளில் பேட்டரி இணைக்கக்கூடிய ஹைப்ரிட் வகையாக எடுக்கலாம். ஆனால் ஹைப்ரிட் என்றாலே சில இடங்களில் பேட்டரி விண்ணப்பமாக எடுத்துக்கொள்வார்கள், அதையும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

ஏசி அளவை மட்டும் எண்ணும் இடம் என்றால் பேனலைப் பெரிதாக்குவதுதான் நல்ல வழி. 3 கிலோவாட் இன்வெர்ட்டருக்கு 430 வாட் பேனல் 9 போட்டால் 3.87 கிலோவாட், அதாவது 1.3 மடங்கு. நண்பகலில் உச்சி கொஞ்சம் வெட்டுப்படும். ஆனால் காலையிலும் மாலையிலும் மேகமூட்டத்திலும் கூடுதலாகக் கிடைப்பது அதை ஈடுகட்டிவிடும். மாலை வெயில்தான் வீட்டுத் தேவையோடு பொருந்துகிறது என்பதால் புதிய பேனல்களில் சிலவற்றை மேற்கே வைப்பதையும் யோசியுங்கள். மொத்த யூனிட் சற்றுக் குறைந்தாலும் கைக்கு வரும் பலன் கூடலாம்.

வெளியே அனுப்பும் எல்லை மட்டும்தான் தடை என்றால், எக்ஸ்போர்ட் கட்டுப்பாடு. மெயின் கேபிளைச் சுற்றி ஒரு கிளாம்ப் சென்சார் மாட்டுவார்கள். வெளியே போவது எல்லையைத் தொட்டதும் இன்வெர்ட்டர் தன்னைக் குறைத்துக்கொள்ளும். பூஜ்ஜியம் என்றும் வைக்கலாம், 3 கிலோவாட் என்றும் வைக்கலாம். வீட்டில் லோட் இருக்கும்போது முழு சோலாரும் உள்ளே ஓடும்.

பேட்டரி வைப்பது என்றால் இரண்டு வகை. டிசி பக்கம் இணைக்கும் ஹைப்ரிட்டில் ஒரே இன்வெர்ட்டர், அளவும் ஒன்றே. விதி கடுமையாக உள்ள இடத்தில் நான் இதைத்தான் விரும்புவேன். ஏசி பக்கம் இணைப்பதில் பழைய இன்வெர்ட்டர் அப்படியே இருக்கும், பேட்டரிக்குத் தனி இன்வெர்ட்டர் வரும். பழைய ஒப்பந்தத்தைத் தொடாமல் இருக்க இது உதவலாம். ஆனால் மின்வெட்டு நேரத்தில் பழைய சோலார் இன்வெர்ட்டரும் ஓட வேண்டும் என்று எதிர்பார்த்தால் கவனம் தேவை. பேட்டரி நிறைந்ததும், அதன் இன்வெர்ட்டர் வீட்டின் அலைவெண்ணைக் கொஞ்சம் உயர்த்தி "குறைத்துக்கொள்" என்று சொல்லும். புதியவை படிப்படியாகக் குறையும். பழையவைக்கு ஓடுவதும் நிற்பதும் மட்டும்தான் தெரியும். அதனால் பேட்டரி இன்வெர்ட்டரின் அளவு சோலார் இன்வெர்ட்டரின் அளவுக்குக் குறையாமல் இருக்க வேண்டும்.

எதற்கும் வழியில்லாத இடத்தில் கடைசியாக ஒன்று உண்டு. கிரிட்டோடு எந்த இணைப்பும் இல்லாமல், சில பேனல், ஒரு பேட்டரி, தனி இன்வெர்ட்டர் வைத்து மோட்டாரையோ வண்டி சார்ஜையோ தனியாக ஓட்டுவது. மின் நிறுவனத்தின் இணைப்பு விதி பெரும்பாலும் இதைத் தொடாது. மின் பாதுகாப்புச் சட்டம் தொடும். அதனால் உரிமம் உள்ளவரை வைத்தே செய்ய வேண்டும்.

யாருக்கும் சொல்லாமல் இரண்டு பேனல் கூட்டிவிடலாமே என்று சிலர் ஆசை காட்டுவார்கள். வேண்டாம். ஸ்மார்ட் மீட்டரில் உங்கள் உச்ச ஏற்றுமதி பதிவாகிறது, பதிவான அளவைத் தாண்டினால் கணினியே காட்டிக்கொடுக்கும். இரண்டு பேனலுக்காக இருபது வருஷ ஒப்பந்தம் போனால் முதலுக்கே மோசம். தீப்பிடித்தால் காப்பீடும் கைவிடக்கூடும்.

7. ஸ்ட்ரிங் கணக்கு

விற்பவர் தரும் கணக்கை நீங்களே ஒருமுறை சரிபார்க்கலாம். கூட்டல் பெருக்கல்தான்.

குளிரில் பேனலின் வோல்டேஜ் கூடும். புதிய பேனல் ஒன்றின் திறந்த வோல்டேஜ் (எதோடும் இணைக்காதபோது இருக்கும் வோல்டேஜ்) 38, ஒரு டிகிரிக்கு 0.27 சதவீத மாற்றம் என்று வைத்துக்கொள்வோம். இன்வெர்ட்டரின் எல்லை 600 வோல்ட். 15 பேனலைத் தொடராக இணைத்தால் 25 டிகிரியில் 570. உங்கள் இடத்தின் மிகக் குறைந்த வெப்பநிலை 10 டிகிரி என்றால் 4 சதவீதம் கூடி 593, தப்பித்தீர்கள். அதுவே மைனஸ் 5 என்றால் 8 சதவீதம் கூடி 616. இன்வெர்ட்டர் போய்விடும், உத்தரவாதமும் செல்லாது. அங்கே 14 தான்.

அடுத்து ஆம்ப். பழைய இன்வெர்ட்டர்கள் 10, 11 ஆம்ப்புக்குத் தயாரானவை. புதிய பேனல்கள் 13 ஆம்ப் தரும், பெரிய செல் உள்ளவை அதற்கும் மேலே. இன்வெர்ட்டரின் தரவுத்தாளில் இரண்டு எண் இருக்கும்: வேலை செய்யும் அதிகபட்ச ஆம்ப், ஷார்ட் சர்க்யூட் அதிகபட்ச ஆம்ப். முதலாவதைத் தாண்டினால் கொஞ்சம் மின்சாரம் வீணாகும், அவ்வளவுதான். இரண்டாவதைத் தாண்டவே கூடாது.

பழையதையும் புதியதையும் ஒரே ஸ்ட்ரிங்கில் கலக்காதீர்கள். தொடர் இணைப்பில் எல்லாப் பேனலிலும் ஒரே ஆம்ப்தான் ஓடும். 8 ஆம்ப் பழைய பேனல்களோடு 13 ஆம்ப் தரும் 400 வாட் பேனலைச் சேர்த்தால், அது 250, 270 வாட்டோடு நின்றுவிடும். கலந்துதான் ஆக வேண்டும் என்றால் இரண்டு எம்பிபிடி (ஸ்ட்ரிங்கைத் தனியாகக் கவனித்து அதிகபட்ச மின்சாரத்தை எடுக்கும் உள்ளீடு) உள்ள இன்வெர்ட்டர் எடுத்து, பழையது ஒன்றில், புதியது மற்றொன்றில்.

8. கூரையும் கம்பியும்

கூரையின் வயது முக்கியம். ஓடோ தளமோ இன்னும் ஐந்து வருஷத்தில் பழுதுபார்க்க வேண்டியிருந்தால் இப்போதே முடித்துவிடுங்கள். பேனலைத் தாங்கும் பழைய ரெயில்களை வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தால், பேனலை ரெயிலோடு பிடிக்கும் கிளாம்ப்பைக் கவனியுங்கள். அன்றைய பேனல் சட்டத்தின் தடிமன் 40 முதல் 50 மி.மீ., இன்றையது 30 அல்லது 35. பழைய கிளாம்ப் புதிய சட்டத்தைப் பிடிக்காது. இறுக்கியதுபோல் தெரியும், காற்றில் ஆடி ஆடித் தளரும். புதிய பேனல் அகலமாகவும் இருப்பதால், ரெயில்கள் அதன் கையேட்டில் குறித்த இடத்தில் விழுகின்றனவா என்று அளந்து பார்க்க வேண்டும்.

கனெக்டர் விஷயத்தில் கறாராக இருங்கள். சோலார் கேபிள்களை இணைக்கும் வழக்கமான கனெக்டர் எம்சி4. சில கனெக்டர்கள் எம்சி4 போலவே இருக்கும், எம்சி4-ல் நுழையும், ஆனால் வேறு தயாரிப்பு. இரண்டு தயாரிப்பைச் சேர்த்து மாட்டினால் உள்ளே தொடுமுகம் சரியாகப் பொருந்தாமல் சூடேறி உருகும். கூரைச் சோலாரில் தீப்பிடிக்கும் காரணங்களில் இது முன்வரிசையில் இருக்கிறது. பழைய கேபிளின் முனையை வெட்டி, பேனலில் இருக்கும் அதே தயாரிப்பின் கனெக்டரை, அதற்குரிய கருவியால் அழுத்திப் போடச் சொல்லுங்கள்.

மெயின் போர்டில் இடமும் தாங்கும் திறனும் இருக்கிறதா என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கிரிட்டும் சோலாரும் இரண்டு பக்கமிருந்து ஊட்டும்போது நடுவிலுள்ள பஸ்பாரில் (மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் உலோகப் பட்டையில்) பளு கூடும்.

9. விண்ணப்பம், வேலை, சோதனை

அனுமதி கையில் வரும்முன் பொருள் வாங்காதீர்கள். விண்ணப்பத்தில் கொடுத்த இன்வெர்ட்டர் மாடல் சந்தையில் இல்லை என்று வேறொன்றை மாட்டிவிட்டுப் போகும் நிறுவுநர்கள் இருக்கிறார்கள். மாடல் எண் மாறினால் திருத்த விண்ணப்பம் போட்டே ஆக வேண்டும். பழையதைக் கழற்றும் முன் ஒவ்வொரு பேனலின் சீரியல் எண்ணையும் இன்வெர்ட்டரின் பெயர்ப்பலகையையும் படம் எடுத்து வையுங்கள். நாளைக்குத் தகராறு வந்தால் அந்தப் படம்தான் பேசும்.

வேலை முடிந்த அன்று நிறுவுநர் பக்கத்தில் நின்று இதையெல்லாம் செய்து காட்டச் சொல்லுங்கள். இன்வெர்ட்டரில் உங்கள் நாட்டுக்குரிய கிரிட் அமைப்புத் தேர்வாகியிருக்கிறதா? மெயின் சுவிட்சை அணைத்தால் இரண்டு நொடிக்குள் சோலார் நிற்கிறதா? எக்ஸ்போர்ட் கட்டுப்பாடு இருந்தால், நல்ல வெயிலில் வீட்டிலுள்ள எல்லாவற்றையும் அணைத்துவிட்டு மீட்டரைப் பாருங்கள். எல்லையில் நிற்க வேண்டும். பிறகு 2 கிலோவாட் ஹீட்டரைப் போடுங்கள். வெயில் போதுமான அளவு இருந்தால், இன்வெர்ட்டரின் உற்பத்தி அதே 2 கிலோவாட் ஏறி, வெளியே போவது மாறாமல் இருக்க வேண்டும். ஹீட்டர் போட்டதும் உற்பத்தி ஏறாமல் இறங்கினால் கிளாம்ப் சென்சார் தலைகீழாக மாட்டப்பட்டிருக்கிறது. அதன்மேல் ஒரு அம்புக்குறி இருக்கும், திருப்பி மாட்டினால் சரியாகிவிடும். கடைசியாகச் சென்சாரின் கம்பியைக் கழற்றச் சொல்லுங்கள். இன்வெர்ட்டர் தானாகக் குறைய வேண்டும். முழு வேகத்தில் ஓடிக்கொண்டே இருந்தால் அந்தக் கட்டுப்பாட்டை மின் நிறுவனம் ஏற்காது, ஏற்கவும் கூடாது.

10. அதற்கப்புறம்

முதல் இரண்டு பில்களை வரிவரியாகப் பாருங்கள். திட்டத்தின் பெயர் மாறியிருக்கிறதா, வெளியே அனுப்பிய யூனிட்டுக்குப் பழைய கணக்கே தொடர்கிறதா என்று. தவறு இருந்தால் உடனே எழுத வேண்டும், வருஷக் கணக்கு முடிந்தபின் எழுதினால் இழுத்தடிப்பார்கள். இன்வெர்ட்டரின் நிகழ்வுப் பதிவில் "வோல்டேஜ் அதிகம்" என்று தினமும் வந்தால், நாள், நேரம், வோல்டேஜ் மூன்றையும் குறித்து மின் நிறுவனத்துக்கு அனுப்புங்கள். டிரான்ஸ்ஃபார்மரின் டேப்பை, அதாவது அது தரும் வோல்டேஜை மாற்றும் அமைப்பை, ஒரு படி இறக்க அவர்களால் முடியும். ஆனால் எண்களோடு கேட்பவருக்குத்தான் செய்வார்கள்.

கழற்றிய பேனல்களில் நன்றாக இருப்பவற்றைத் தனி இணைப்பாக மோட்டாருக்கோ விளக்குக்கோ வைத்துக்கொள்ளலாம். கண்ணாடி விரிசல் விட்டவற்றையும் பின்தாள் வெடித்தவற்றையும் யாருக்கும் கொடுக்காதீர்கள். பார்க்க நன்றாக இருந்தாலும் ஈரத்தில் ஷாக் அடிக்கும். சேமித்து வைப்பதானால் முகத்தைக் கீழே போட்டோ துணியால் மூடியோ வையுங்கள், வெயில் பட்டால் கழற்றிய பேனலிலும் மின்சாரம் இருக்கும்.